பீஸ் ரேட்டுக்குச் சிரிப்பு

திருப்பூர் மண்ணரையில் கவுண்டமணிக்கு இரண்டு தொண்டைகள் இருந்தன. சினிமாவில் கேட்டது ஒன்று; அது அவருடையது. கேபிளில் கேட்டது இன்னொன்று. அது மிமிக்ரிக்காரர் கோவை குணாவுடையது. இரண்டில் எது ஒசத்தி என்று எங்கள் லைன் வீட்டில் சண்டையே நடந்திருக்கிறது. பெரும்பாலும் குணா கட்சிதான் ஜெயிக்கும். "கவுண்டமணி பெரிய ஆளுங்க, அவரு எப்ப வேணா பேசுவாரு. குணா நமக்காகப் பேசறாரு" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. அந்த வாதத்துக்கு யாரிடமும் பதில் இருக்காது.

கவுண்டமணி உடுமலைப்பேட்டைப் பக்கம் வல்லகுண்டாபுரத்தில் பிறந்தவர். 1939-இல் அவர் பிறந்தபோது அது கோயம்புத்தூர் மாவட்டம். 2009-இல் திருப்பூர் தனி மாவட்டமாகி உடுமலையும் எங்களோடு சேர்ந்தபோது, எழுபதை நெருங்கிய வயதில் அவர் எங்கள் மாவட்டத்துக்காரர் ஆகிவிட்டார். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நாங்களும் அன்று முதல் "நம்ம மாவட்டத்துக்காரருங்க" என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்படவில்லை.

அந்தக் குரல் நாடகக் கொட்டகை வழியாக மெட்ராஸ் போய், '16 வயதினிலே' படத்தில் 1977-இல் எட்டிப் பார்த்து, 1989-இல் 'கரகாட்டக்காரன்' வந்தபோது தமிழ்நாடு முழுக்கச் சொந்தமாகிவிட்டது. பிறகு 2005-இல் விஜய் டிவியில் 'கலக்கப் போவது யாரு' தொடங்கியதும், கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் தொண்டையில் ஏறி, கேபிள் ஒயர் வழியாக மண்ணரைக்குத் திரும்பி வந்தது. உள்ளூர்ச் சரக்கு ஊரெல்லாம் சுற்றி வேறு ஆள் கைவழியாக வந்தால்தான் எங்களுக்கு அருமை தெரியும். திருப்பூர்க்காரனுக்கு இது புதிதல்ல. நாங்கள் தைத்த பனியனையே வெளிநாட்டு லேபிளோடு கண்ணாடிக் கடையில் பார்த்து, விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்து, மறுபடி தொங்கவிட்டு வருகிறவர்கள் நாங்கள்.

அன்று மண்ணரை கிராமப் பஞ்சாயத்து. 2011-இல்தான் மாநகராட்சியோடு சேர்த்தார்கள். ஊத்துக்குளி ரோட்டிலிருந்து உள்ளே வந்தால் லைன் வீடுகள்; ஒரு வரிசைக்குப் பத்து வீடு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். டிவி எல்லார் வீட்டிலும் இல்லை. 2006-க்குப் பிறகு அரசாங்கம் இலவசக் கலர் டிவி கொடுத்தது. அதற்கு முன்னால், டிவி இருக்கிற வீட்டின் வாசல்தான் எங்கள் தியேட்டர். இலவச டிவி வந்ததும் அந்த வாசல் காலியாகிவிட்டது. எல்லாரும் அவரவர் வீட்டில் அதே நிகழ்ச்சியைப் பார்த்தோம். ஒரு ஜோக்குக்கு வரிசையில் முதல் வீட்டில் சிரிப்பு கேட்கும். கேபிள் இழுத்த விதமோ என்னவோ, கடைசி வீட்டில் கொஞ்சம் கழித்துத்தான் கேட்கும். கடைசி வீட்டுக்காரர் அதற்கும் கேபிள்காரரைத் திட்டுவார்.

பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம். கையில் காசு, மறுநாள் லீவு. மனசு சிரிக்கத் தயாராக இருக்கிற நேரம் அது ஒன்றுதான். மற்ற நாட்களில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால், டிவியில் யார் என்ன சொன்னாலும் தூக்கம்தான் வரும். அதனால் எங்களைச் சிரிக்க வைப்பது லேசு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வாரம் பூராவும் ஓவர்லாக் மெஷின் சத்தம் கேட்ட காதுக்குள் ஒரு வார்த்தை நுழைவதே பெரிய காரியம்.

அதற்கு முன்பும் டிவியில் காமெடி இருந்தது. 1975-இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியில் எஸ்.வி.சேகர் வந்தார், கிரேஸி மோகன் எழுதிய நாடகங்கள் வந்தன. சபா மேடையில் பழகிய பேச்சு அது. வேகமாக வரும், ஒரு வாக்கியத்துக்குள் மூன்று ஜோக் மடித்து வைத்திருப்பார்கள். நாங்கள் முதல் ஜோக்கைப் பிடிப்பதற்குள் மூன்றாவது போய்விட்டிருக்கும். சிரித்தோம், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் விருந்தாளி வீட்டில் சிரிக்கிற மாதிரி, கொஞ்சம் மரியாதையோடு சிரித்தோம். பிறகு விஜய் டிவியில் 'லொள்ளு சபா' வந்தது. ராம்பாலா இயக்கத்தில் சந்தானம், மனோகர், சுவாமிநாதன், சேஷு என்று ஒரு கூட்டம், நாங்கள் காசு கொடுத்துப் பார்த்து அழுத படங்களையெல்லாம் எடுத்துக் கிழித்துத் தொங்கவிட்டது. அழுத காசு அப்போதுதான் வசூலாயிற்று.

'கலக்கப் போவது யாரு' இவை எதிலும் சேராது. அதில் செட்டு கிடையாது, கதை கிடையாது. ஒரு மேடை, ஒரு மைக், எதிரே நடுவர்கள். மாவட்டத்திலிருந்து வந்த பையன் சில நிமிஷத்துக்குள் சிரிக்க வைக்க வேண்டும். அதற்குள் புதிதாக ஒரு பாத்திரத்தை உண்டாக்கி, அவன் யார், எந்த ஊர், என்ன கோளாறு என்று விளக்க நேரமில்லை. ஆனால் கவுண்டமணி மாதிரி ஒரு கனைப்புக் கனைத்தால் போதும். பார்க்கிறவன் பாதி வேலையைத் தானே செய்துகொள்வான். டிவி காமெடியில் மிமிக்ரி அவ்வளவு கோலோச்சியதற்கு இந்தச் சிக்கனம் ஒரு காரணம். நேரம் மிச்சம், செலவு மிச்சம், எழுத்தாளர் மிச்சம்.

அந்த நிகழ்ச்சியின் முதல் சீசன் பட்டம் கோவை குணாவுக்கு. கவுண்டமணி, ஜனகராஜ், நாகேஷ் மூன்றுமே அவருக்குக் கைவந்தவை. மூன்றும் மூன்று வகை வேலை. நாகேஷுக்கு உடம்பு வளைய வேண்டும். வாயைவிடக் காலும் கையும் முந்தும். ஜனகராஜுக்குச் சிரிப்பு அடித்தொண்டையில் கிளம்பி இழுத்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் கெட்டது. கவுண்டமணிக்கு உடம்பே அசைய வேண்டாம். தலையைக் கொஞ்சம் சாய்த்து, எதிராளியை மேலும் கீழும் ஒருமுறை பார்த்து, மெதுவாக ஆரம்பித்து, திடீரென்று எகிற வேண்டும். அந்த எகிறல் எந்த இடத்தில் வருகிறது என்பதில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. பிறர் செய்தால் சத்தம் வரும். குணா செய்தால் கோபம் வரும், அந்தக் கோபத்துக்குள் பாசமும் வரும்.

எங்களுக்கு அது தெரிந்ததற்குக் காரணம் உண்டு. கோயம்புத்தூர்க் குசும்பு என்பது ஆளை மட்டம் தட்டும்போதும் "ங்க" போட்டுத்தான் தட்டும். "நீங்க ரொம்ப அறிவாளிங்க" என்று ஒருவர் சொன்னால் எழுந்து போய்விடுவது நல்லது. இந்த ஏற்ற இறக்கத்தைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த தொண்டை குணாவுடையது. அதனால் கவுண்டமணியின் குரலை எடுக்க அவர் சினிமா பார்த்திருக்க வேண்டியதுகூட இல்லை, சந்தைக்குப் போய் வந்திருந்தால் போதும் என்பது எங்கள் கட்சி.

லைன் வீட்டில் எதிர்க்கட்சியும் இருந்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்கள். அவர்களுக்கு மதுரை முத்து வேண்டும். அவர் அடுக்கடுக்காகக் கடிஜோக் விட, அவர்கள் கை தட்டுவார்கள். நாங்கள் வேண்டுமென்றே சிரிக்காமல் உட்கார்ந்திருப்போம். சிரிப்பை அடக்க முடியாதவர்கள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவது வழக்கம். பிறகு சன் டிவியில் 'அசத்தப் போவது யாரு' வந்தபோது இந்த மேடைக்காரர்கள் பலரும் அங்கேயும் வந்தார்கள். நடுவர் நாற்காலியில் மதன் பாப் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு, பல நேரம் மேடையில் சொன்ன ஜோக்கைவிட நன்றாக இருந்தது.

இன்று அதே லைன் வீடுகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள். ஒரு அறைக்கு ஆறு பேர், ஆறு போன். ஆறு பேரும் சிரிக்கிறார்கள். ஆறும் வேறு வேறு ஜோக். யாருக்கும் எதிர்க்கட்சி இல்லை, அதனால் சண்டையும் இல்லை. ஊர் அமைதியாக இருக்கிறது என்று வீட்டுக்காரர் சந்தோஷப்படுகிறார்.

எங்கள் கம்பெனியில் ஒரு பேட்லாக் டெய்லர் இருந்தார். என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நான் அப்போது சிங்கர் மெஷினில் லேபிள் வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பேட்லாக் மெஷினில் பனியனின் பாட்டம் மடிப்பார். கை ஒரு பக்கம் துணியைத் தள்ளிக்கொண்டே இருக்கும், வாய் இன்னொரு பக்கம் வேலை செய்துகொண்டே இருக்கும். கட்டிங் மாஸ்டர், செக்கிங் அக்கா, முதலாளியின் மச்சான், யாரும் அவரிடம் தப்பியதில்லை.

கரண்ட் கட்டு உச்சத்தில் இருந்த வருஷங்கள் அவருக்குப் பொற்காலம். மெஷின் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிடும். பீஸ் ரேட்டுக்காரனுக்கு மெஷின் நின்றால் காசு நின்றது என்று அர்த்தம். எல்லாரும் உச்சுக்கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்போது இருட்டுக்குள்ளிருந்து கவுண்டமணி பேசுவார். கரண்ட் ஆபீஸைக் கேட்பார், முதலாளியைக் கேட்பார், இருட்டில் யார் தலையில் என்ன விழுந்தது என்று கேட்பார். பிசிர் வெட்டுகிற பாட்டிகள் சிரித்துச் சிரித்துக் கத்தரியைத் தவறவிடுவார்கள். கரண்ட் வந்து டியூப்லைட் மினுக்கியதும், அண்ணன் ஒன்றுமே தெரியாதவராகத் துணியைத் தள்ளிக்கொண்டிருப்பார்.

அவரைச் சென்னைக்கு அனுப்பி வைத்ததில் எங்களுக்கும் பங்குண்டு. ஒரு சேனலில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வசூல் பண்ணி, புதுச்சட்டை எடுத்துக் கொடுத்தோம். பனியன் ஊர்க்காரன் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போனான் என்று அதற்கும் அவரே ஒரு ஜோக் வைத்திருந்தார்.

இரண்டாம் நாளே திரும்பி வந்துவிட்டார். டீ நேரத்தில் சுற்றி நின்று கேட்டோம்.

"என்னாச்சுங்கண்ணா?"

"நல்லாத்தான் கேட்டாங்க தம்பி. கவுண்டமணி பண்ணுனேன். சிரிச்சாங்க. அப்பறம், 'இத எல்லாரும் பண்றாங்க, வேற யாரு வாய்ஸாச்சும் பண்ணுங்க'ன்னாங்க. ஜனகராஜ் பண்ணுனேன். 'அதையும் பண்றாங்க'ன்னாங்க. கடசீல, 'உங்க சொந்த வாய்ஸ்ல பண்ணுங்க'ன்னுட்டாங்க."

"பண்ண வேண்டியதுதானுங்கண்ணா?"

"என்ற சொந்த வாய்ஸ்ல நான் இன்னைக்கு வரைக்கும் கடன்தான் கேட்டிருக்கறேன். அதுல எங்கெ சிரிப்பு வரும்?"

அண்ணன் அன்று பேசியதுதான் மிமிக்ரிக்காரனின் மொத்தப் பிரச்சினையும். அடுத்தவர் குரலில் பேசினால்தான் மேடை கிடைக்கும். மேடை கிடைத்தபின், உன் குரல் எங்கே என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தவர்கள் சினிமாவுக்குப் போனார்கள். திருச்சியில் இன்ஜினியரிங் படித்த சிவகார்த்திகேயன் அதே நிகழ்ச்சியில் ஒரு சீசன் பட்டம் வென்று, 'அது இது எது' தொகுப்பாளராகி, 2012-இல் 'மெரினா' வழியாக நாயகனாகிவிட்டார். குரலை அங்கேயே விட்டுவிட்டு ஆளை மட்டும் கூட்டிக்கொண்டு போன சாமர்த்தியம் அது. சந்தானம் 2004-இல் 'மன்மதன்' வழியாக அந்தப் பக்கம் போய்விட்டார். 'லொள்ளு சபா'வில் ஓரமாக நின்ற யோகி பாபு, 2009-இல் வந்த 'யோகி' படத்தின் பெயரையே தன் பெயரில் சேர்த்துக்கொண்டார்.

குணாவுக்குச் சினிமா வராமல் இல்லை. 'சென்னை காதல்' படத்தில் நடித்தார். ஆனால் திரையில் கவுண்டமணி வேண்டுமென்றால் கவுண்டமணியையே கூப்பிடலாம் என்பது தயாரிப்பாளருக்குத் தெரிந்த கணக்கு. நகல் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அது நகல்தான் என்பதும் எடுப்பாகத் தெரியும். இந்தத் தொழிலில் திறமை கூடக் கூட ஆள் மறைந்துவிடுவான்.

பெயரைக் கவனித்தாலே போதும். அன்று வந்தவர்களுக்கு ஊர்தான் முன்னால்: கோவை குணா, மதுரை முத்து. அடுத்து, யாரைப் போல இருந்தார்களோ அவர் முன்னால் வந்தார்: மதுரைக்காரரான பாலாஜிக்கு வடிவேலுவின் சாயலும் பேச்சும் இருந்ததால் வடிவேல் பாலாஜி. செய்த வேலை முன்னால் வந்ததும் உண்டு: உடம்பெல்லாம் உலோக வண்ணம் பூசி மேடையில் ரோபோ ஆட்டம் ஆடிய சங்கர், ரோபோ சங்கர். இன்று நிகழ்ச்சியே முன்னால் நிற்கிறது: லொள்ளு சபா மனோகர், கேபிஒய் (கலக்கப் போவது யாரு) பாலா. யார் தைத்தாலும் கழுத்தில் கம்பெனி லேபிள்தான். நான் வைத்த லேபிள்களில் ஒன்றிலாவது என் பெயர் இருந்ததில்லை. அவர்களுக்காவது பாதிப் பெயர் மிஞ்சியது.

கூலி விஷயத்திலும் நாங்கள் ஒரே சாதிதான். டிவியில் முகம் தெரிவது விளம்பரம். வயிறு நிறைவது வெளி நிகழ்ச்சிகளில். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கம்பெனி ஆண்டு விழா, கடைத் திறப்பு விழா. மாசி, பங்குனி, சித்திரையில் நோன்பு சாட்டினால் ஊருக்கு ஒரு மேடை. அந்தச் சீசனில் சம்பாதித்ததை வைத்து ஆடி மாசத்தைத் தாண்ட வேண்டும். டிசம்பரில் ஆர்டர் இல்லாத பனியன் கம்பெனியும் ஆடியில் மேடை இல்லாத மிமிக்ரிக்காரரும் ஒருவரையொருவர் நன்றாகவே புரிந்துகொள்வார்கள். ஒரு வித்தியாசம்: எங்களில் ரெகுலராக இருப்பவனுக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை ஒன்றாவது இருக்கும். பி.எஃப். பிடிப்பார்கள், பிடித்ததைக் கட்டினார்களா என்பது அடுத்த கேள்வி. மேடைக் கலைஞனுக்குப் பிடிப்பதற்கும் ஆளில்லை, கட்டுவதற்கும் ஆளில்லை. அவனுக்குக் கிடைக்கிற ஒரே போனஸ் பொன்னாடை. அதுவும் துண்டு மாதிரித் துவட்டிக்கொள்ளக்கூட ஆகாது, நல்ல பாலியஸ்டர். துணி பார்த்த கண்ணுக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

'அது இது எது'வில் 'சிரிச்சா போச்சு' என்று ஒரு சுற்று. எதிரே உட்கார்ந்திருக்கிற விருந்தினர் சிரிக்கக் கூடாது, சிரித்தால் தோற்றார். சிரிக்காமல் இருப்பதையே வேலையாக வைத்திருப்பவரைச் சிரிக்க வைக்கிற வேலை வடிவேல் பாலாஜிக்கும் ரோபோ சங்கருக்கும். பொம்பளை வேஷம் கட்டுவார்கள், கீழே விழுவார்கள், அடி வாங்குவார்கள். விருந்தினர் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். எங்கள் வீட்டில் எல்லாரும் விழுந்து புரள்வோம். நாங்கள் சிரித்தது கணக்கில் வராது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் சிரித்தால்தான் பாயின்ட்.

2020-இல் கொரோனா வந்து மேடைகளைப் பிரித்துப் போட்டது. திருவிழா இல்லை, கல்யாணத்துக்குக் கூட்டம் இல்லை. மிமிக்ரிக்காரர்களுக்குப் போன வருமானம் கணக்கில் எங்கும் வரவில்லை. அது எந்தக் கணக்கிலும் இருந்ததே இல்லையே. அந்த வருஷம் செப்டம்பர் 10-ஆம் தேதி வடிவேல் பாலாஜி போய்விட்டார். நாற்பதுகளில்தான் இருந்தார். தனியார் மருத்துவமனையில் தொடங்கிய சிகிச்சை சென்னை அரசு மருத்துவமனையில் முடிந்தது. அவர் முகம் தெரியாதவர்கள் யாரும் அந்த வார்டில் இருந்திருக்க மாட்டார்கள். அவரை அறியாத தமிழ் வீடு அன்று இல்லை. முகம் தெரிவது வேறு, பில் கட்டுவது வேறு.

கோவை குணா போனது 2023 மார்ச் 21. சிறுநீரகக் கோளாறு, டயாலிசிஸ், கோயம்புத்தூரிலேயே ஆஸ்பத்திரி. மண்ணரையிலிருந்து கோயம்புத்தூர் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அவரது கட்சிக்காக லைன் வீட்டில் மல்லுக்கு நின்றவர்களில் ஒருவரும் போகவில்லை. ஆர்டர் அவசரம், ஷிப்மென்ட் தேதி. ஆனால் ஒருவர் விடாமல் எல்லாரும் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தோம். இருபத்துநான்கு மணி நேரம் துக்கம் இருந்தது. பிறகு அதுவே தானாக அழிந்துவிட்டது. 2024 மார்ச்சில் சேஷு. 2025 ஆகஸ்டில் மதன் பாப், செப்டம்பரில் ரோபோ சங்கர். ரோபோ சங்கருக்கு 46 வயதுதான். ஒவ்வொரு முறையும் அவர்களின் பழைய நிகழ்ச்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். அழ வேண்டிய நாளில் நாடே உட்கார்ந்து சிரித்தது. செத்த வீட்டில் சிரிக்க வைக்கிற ஒரே தொழில் இதுதான்.

இப்போது நான் நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறேன். முதலாளி என்று கூப்பிடுகிறார்கள், ஜி.எஸ்.டி. பில்லில் என் கம்பெனிக்கு ஒரு பெயரும் இருக்கிறது. லேபிள் மட்டும் இன்றைக்கும் பார்ட்டி கொடுத்தனுப்புகிற பண்டலில்தான் வருகிறது. அண்ணன் என்னிடம்தான் பேட்லாக் ஓட்டுகிறார். கண்ணாடி போட்டுவிட்டார், மடிப்பு இன்னும் நேராகத்தான் வருகிறது. ஆயுத பூஜைக்கு மட்டும் அவரிடம் மைக்கைக் கொடுப்போம். கவுண்டமணி குரலில் பொரி கடலை பங்கு பிரிப்பார். வடக்கத்திப் பையன்களுக்கு என்ன புரிகிறதோ, எல்லாரும் சிரிக்கிறார்கள். அவர்களில் ஒருவன், தமிழில் நாலு வார்த்தை தெரியாதவன், வடிவேலு படம் போட்ட மீம் அனுப்பத் தெரிந்தவன். முகம் மொழி கற்றுக்கொள்ளாமலேயே எல்லை தாண்டிவிட்டது. குரலுக்கு இன்னும் விசா கிடைக்கவில்லை.

டிவி காமெடியும் மேடையை விட்டு அடுப்படிக்குப் போய்விட்டது. 'குக்கு வித் கோமாளி' வந்தபிறகு, சமையல் நடக்கிற இடத்தில் புகழும் பாலாவும் செய்த ரகளைதான் காமெடி என்றாகிவிட்டது. தனியாக நின்று, மூச்சைப் பிடித்து, சில நிமிஷம் மூன்று பேராக மாறுகிற வேலை அங்கே தேவையில்லை. நன்றாகத்தான் இருக்கிறது, நானும் பார்க்கிறேன், சிரிக்கிறேன். அந்தக் காலம் மாதிரி வருமா என்று பெருமூச்சு விடுகிற ஆள் நானில்லை. அந்தக் காலத்தில் சிரிக்க வைத்தவர்களுக்கு நாங்கள் என்ன செய்துவிட்டோம்?

போனில் நடக்கிறதுதான் வேடிக்கை. கவுண்டமணி பேசிய பழைய சினிமா ஆடியோவைப் போட்டு, அதற்கு வாயை மட்டும் அசைக்கிறார்கள். குணா தன் முகத்தை வைத்துக்கொண்டு கவுண்டமணியின் குரலைச் சொந்தத் தொண்டையில் உண்டாக்கினார். அதற்கு எத்தனை வருஷப் பழக்கம் வேண்டும் என்று அண்ணனைக் கேட்டால் தெரியும். இப்போது தொண்டையே வேண்டாம், உதடு இருந்தால் போதும். இன்னும் கொஞ்ச நாளில் உதடும் வேண்டாம் போலிருக்கிறது. யார் குரலில் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரே பேசுகிறது. செத்தவர்களும் பேசுகிறார்கள். சாயம், நிட்டிங், கட்டிங் என்று ஒவ்வொரு வேலையாகப் பிரித்துப் பிரித்து வெளியே கொடுத்த ஊர் எங்களுடையது. சிரிப்பையும் அப்படிப் பிரிப்பார்கள் என்று நாங்களே நினைக்கவில்லை.

அண்ணனின் மகள் காலேஜ் படிக்கிறாள். அவளும் ரீல்ஸ் போடுகிறாள். அப்பா பேட்லாக் ஓட்டிக்கொண்டே செக்கிங் அக்காவைக் கவுண்டமணி குரலில் கலாய்த்ததை, அவருக்குத் தெரியாமல் எடுத்துப் போட்டுவிட்டாள். முகம் சரியாகத் தெரியவில்லை. மெஷின் சத்தம் வேறு. அதுவே ஓடிவிட்டது. மதியம் சோற்றுப் போசியைத் திறந்து உட்கார்ந்தபோது வந்து காட்டினாள்.

"அப்பா, ஒன்றர லட்சம் பேரு பாத்திருக்கறாங்கப்பா!"

அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். கீழே எழுதியிருப்பதை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஒருவர் சிரிப்பு பொம்மையை வரிசையாக அடுக்கியிருந்தார். ஒருவர், கோவை குணாவை ஞாபகப்படுத்துகிறது என்று எழுதியிருந்தார். இன்னொருவர், இது கம்ப்யூட்டர் குரல், நம்பாதீர்கள் என்று எச்சரித்திருந்தார். அண்ணனுக்கு அந்த மூன்றாவதுதான் ரொம்பப் பிடித்திருந்தது. "பாத்தியா தம்பி, நம்ம தொழில் சுத்தத்த மெஷின்னே நெனச்சுட்டாங்க" என்றார்.

பிறகு மகளிடம் திரும்பினார்.

"ஏஞ்சாமி, இத்தன பேரு பாத்துருக்கறாங்களே, நமக்கு எவ்வளவு வரும்?"

"ஒண்ணும் வராதுப்பா. அது அந்தக் கம்பெனிக்குத்தான் போகும். நாம அவுங்களுக்கு வீடியோ குடுக்கறம், அவுங்க நமக்கு வியூஸ் குடுக்கறாங்க."

அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். பீஸ் ரேட்டில் இருபது பைசா ஏற்றிக் கேட்டு மூன்று வாரமாக என்னை நச்சரித்துக்கொண்டிருக்கிறவர் அவர். என்னைத் திரும்பிப் பார்த்து, சொந்தக் குரலிலேயே சொன்னார்:

"பரவால்ல தம்பி, உன்னயவே நான் ரொம்பத் திட்டிப்போட்டன். நீயாச்சும் ஒரு பீஸுக்கு இவ்வளவுன்னு குடுக்கறே. ஆனா அந்த இருபது பைசா இந்தச் சனிக்கெழம ஏத்தீரோணும்."

செக்கிங் அக்கா முதல் ஆளாகச் சிரித்தார். நான்தான் சிரிக்கவில்லை, சிரித்தால் ரேட்டை ஏற்ற வேண்டும்.